கூண்டுக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசப் போனேன்

மலேசியாவின் ஈப்போவில் என் அண்ணனைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய சம்பந்தி கடலூர் துறைமுகத்தில் அதிகாரி என்பதும் தெரியும். இத்தனைக்கும் சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் மகள் தர்ஷினியும் கடலூர்ப் பையன் அருளும் பினாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குள் அண்ணன் கோயில் கமிட்டி, சாப்பாட்டுக் கடை, முடிவெட்டும் கடை என்று ஓர் இடம் பாக்கி விடாமல் அந்த அதிகாரியைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்.

பையனின் அப்பாவை அதிகாரி என்று சொன்னவர் பையனின் தாய்மாமன் கலியமூர்த்தி. சிதம்பரத்தில் இருக்கிறார். அண்ணனோடு தொலைபேசியில் பேசுவதெல்லாம் அவர்தான். அருளோ தர்ஷினியிடம், "அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அந்த வயதில் யார் மாமனாரின் உத்தியோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்?

அண்ணனுக்கு முட்டி வலி. அதனால் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்று, வீட்டில் சும்மா இருப்பதாகக் கருதப்படும் நான் அனுப்பப்பட்டேன். "போய் நல்லா பாத்துட்டு வா. சொன்னது ஒண்ணு, இருக்கிறது ஒண்ணுன்னா, அதோட பேச்சு முடிஞ்சது" என்றார் அண்ணன். விமான நிலையத்தில் தர்ஷினி என் கையை விடவே இல்லை. "அத்தை, எப்படியாவது நல்லபடியா முடிச்சுக் குடுங்க" என்றாள். சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது என் கையை இப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கலியமூர்த்தி மொபெட்டோடு காத்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு, முகம் நிறைய சிரிப்பு. நானும் என் பெட்டியும் ஒரே நேரத்தில் அந்த வண்டியில் ஏற முடியாது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. முன்னால் பெட்டி, நடுவில் அவர், பின்னால் நான். முதல் வளைவில் பெட்டி இறங்கிக்கொண்டது. அடுத்த வளைவில் நானே இறங்கிக்கொண்டேன். பெட்டி மொபெட்டில் போக, நான் நடந்தே விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். நடந்ததில் எனக்கு நஷ்டமில்லை. வழியெல்லாம் பூக்கடையும் பாத்திரக்கடையும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கோபுரமும் வந்துகொண்டே இருந்தன.

காலையில் இட்லியோடு கத்திரிக்காய் கொத்சு வந்தது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் மிளகாய்ச் சம்பல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இந்தக் கொத்சுவை எங்களிடமிருந்து இத்தனை காலம் மறைத்து வைத்ததற்கு யார் மேலாவது வழக்குப் போடலாம் என்று தோன்றியது. வழக்கு என்றதும் நினைவு வந்து, கலியமூர்த்தியிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"கோர்ட்லங்க."

"கோர்ட்ல என்ன?"

"ஜுடீசியல் சைடுங்க."

"அதுல என்ன?"

வாத்தியாரிடம் அகப்பட்ட மாணவனைப் போல அவர் இட்லியைப் பார்த்தபடி சொன்னார். "மசால்ஜிங்க."

அப்படியென்றால் தீவட்டி பிடிக்கிறவர். மின்சாரம் வருவதற்கு முன்னால் கோர்ட்டுகளில் விளக்கேற்ற ஓர் ஆள் வைத்தார்களாம். விளக்கு மாறியும் ஆளுக்குப் பெயர் மாறவில்லை. "இப்ப ஸ்விச்சுதாங்க. காலையில போட்டா சாயங்காலம் நிறுத்தணும். கரண்டு போனா மட்டும் எல்லாரும் என்னிய பாப்பாங்க, என்னமோ நான்தான் புடுங்கிட்ட மாதிரி" என்றார். கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் நடந்து வழிவிடச் சொல்கிறவர் டபேதார். ஜப்தி செய்யப் போகிறவர் அமீனா. அமீனா தெருவுக்குள் நுழைந்தால் நாலு வீட்டில் கதவைச் சாத்துவார்களாம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் பிறந்த ரப்பர் தோட்டத்திலும் இப்படிப் பெயர்கள் உண்டு. கணக்கு எழுதுகிறவர் கிராணி. ஆளை மேய்க்கிறவர் கங்காணி. ஆஸ்பத்திரியில் எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்தைக் கொடுக்கிறவர் டிரெசர். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்து, திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அந்த எஸ்டேட்டுக்கே உங்க அப்பாதான் மேனேஜராமே? உங்க அண்ணன் சொன்னாரு."

கொத்சு புரையேறிவிட்டது. காரம் என்று சொல்லித் தப்பித்தேன். எங்கள் தோட்டத்தில் மேனேஜர் என்றால் துரை. துரையின் பங்களாப் படியில் எங்கள் அப்பா கால் வைத்ததில்லை. அண்ணன் சம்பந்தியை மட்டுமல்ல, செத்துப்போன அப்பாவையும் பதவி உயர்த்தியிருக்கிறார்!

கடலூருக்கு எப்போது போகலாம் என்று கேட்டபோது கலியமூர்த்தி நெளிந்தார். "நாளைக்குப் பிச்சாவரம் போயி போட்டிங் பாத்துடுவோம். மாமா ஆபீஸ்ல கொஞ்சம் பிஸி." யாராவது என்னை ஓர் இடத்திற்குப் போக வேண்டாம் என்று சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். மறுநாள் அவர் வருவதற்கு முன்பே கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பேருந்துகளில் ஏர்கண்டிஷன் உண்டு, பேச்சு கிடையாது. இங்கே நேர்மாறு. பக்கத்து இருக்கை அம்மா நான் உட்காருவதற்குள் என் ஊர், பிள்ளைகள், இடுப்பு வலி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டார். கண்டக்டர் வந்து, "கடலூர்னா ஓ.டி.யா, என்.டி.யா?" என்றார். இரண்டு கடலூர் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்.டி. என்பது கொஞ்சம் புதிதாகத் தெரிந்தது, அதையே கேட்டேன். துறைமுகம் இருப்பது பழைய ஊரான ஓ.டி.யில். பஸ் அந்த வழியாகத்தான் வந்தது. ஜன்னல் வழியாக அதை ரசித்துப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். திரும்பி ஷேர் ஆட்டோவில் வந்தேன். காலி மீன் கூடையை மடியில் வைத்திருந்த பெண், "ஹார்பருக்கா? ஒண்டிக்க, எடம் இருக்குது" என்று எனக்கு இடம் விட்டாள். இடம் இல்லைதான். ஆனாலும் எப்படியோ உட்கார்ந்துவிட்டேன்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடை. அங்கே போய், அருளின் அப்பா பெயரைச் சொல்லி, துறைமுக அதிகாரி கோதண்டம் வீடு எது என்று கேட்டேன்.

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். "அதிகாரியில கோதண்டம்னு யாரும் இல்லையேம்மா. கூண்டு கோதண்டம்தான் இருக்காரு."

"கூண்டா?"

"புயல் கூண்டு. அத ஏத்துறவரு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவர் கையை ஆட்டினார். "காலங்காத்தால அந்தாளு பேர சொல்லாதம்மா. கடலு வேற ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்குது."

அந்த மீனவரும் மாஸ்டரும் மாறி மாறி எனக்கு விளக்கினார்கள். கடலில் புயல் உருவானால் துறைமுகத்துக் கம்பத்தில் கூண்டு ஏறும். கூண்டு ஏறினால் படகு இறங்காது. படகு இறங்காவிட்டால் இந்தக் கரையில் யாருக்கும் வருமானம் இல்லை. உத்தரவு எங்கிருந்தோ வருகிறது. ஆனால் கயிற்றை இழுக்கிற கை கோதண்டத்தினுடையது என்பதால் திட்டு முழுவதும் அவருக்குத்தான். கூண்டு ஏறிய நாளில் இந்தக் கடையில் அவருக்கு டீ கிடையாது. கூண்டு இறங்குகிற நாளில் காசு வாங்காமல் கொடுப்பார்கள். மாஸ்டரின் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கமாம்.

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது ஒன்று, இருப்பது ஒன்று. அண்ணன் சொன்ன வார்த்தையும் தர்ஷினி என் கையைப் பிடித்திருந்ததும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன.

கோதண்டம் கம்பத்தடியில் உட்கார்ந்து கூண்டுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். செய்தியில் கேட்டுக் கேட்டு நான் கிளிக்கூண்டு மாதிரி எதையோ கற்பனை செய்திருந்தேன். அதுவோ பெரிய மீன் கூடையைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. அவருக்குக் காக்கிக் கால்சட்டை, முண்டா பனியன், முழங்கை வரை சாயம். நான் யாரென்று சொன்னதும் எழுந்து கும்பிட வந்தவர், கையைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"நாளன்னைக்கில்ல வருவீங்கன்னு மச்சான் சொன்னான்!"

அடக்கமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கை காய்வதற்குள் தன் புகழைப் பாடி முடித்துவிட்டார். "டிவில சொல்றான் பாருங்க, கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதுன்னு. ஏத்துனது யாரு? நானு! பேரு சொல்ல மாட்டான், அது வேற விசயம். ஆனா வருசா வருசம் நியூஸ்ல வர்ற ஆளு இந்தக் கடலூர்லயே நான் ஒருத்தந்தான், டீச்சரம்மா." ரிக்கார்டில் அவர் லஸ்கர். கப்பல் கூலியாட்களுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். "லஸ்கர்னா எவனுக்குத் தெரியுது? கூண்டுன்னாதான் தெரியும்" என்றார். தான் அதிகாரியானது அவருக்கே தெரியாது என்பது எனக்குப் புரிந்தது.

வீடு கூப்பிடு தூரம்தான். அவர் மனைவி செல்வி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாள்மணையை விட்டு எழுந்து, "ஐயய்யோ அக்கா, நாளன்னைக்குன்னு சொன்னாங்களே!" என்று உள்ளே ஓடினார். உள்ளே புது பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றிய காகிதம் கூடப் பிரிக்காமல் இருந்தன. எனக்காக வாங்கியவை. அதில் உட்காரும்போது கரகரவென்று சத்தம் வந்தது.

சுறாப்புட்டும் நெத்திலிக் குழம்பும் போட்டார்கள். மீனை இப்படி உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கலாம் என்று ஈப்போவில் நான் போய்ச் சொல்லாமல் விடப்போவதில்லை. ஆனால் இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிய கோதண்டம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"டீச்சரம்மா, மனசுல இருக்கறத சொல்லிடறேன். இந்தச் சம்பந்தம் வேணாம்னு அருளுகிட்ட சொல்லலாம்னு இருக்கேன்."

நான் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"உங்க அப்பா எஸ்டேட்டுக்கே மேனேஜராம். பெரிய குடும்பம். நான் கயிறு இழுக்கற லஸ்கரு. இன்னிக்குப் பொண்ணுக்குப் புடிச்சிருக்குது, சரி. நாளைக்கு உங்க வீட்டு விசேசத்துல எம்புள்ள தலய குனிஞ்சிகிட்டு ஓரமா நிக்கணும். அத என்னால பாக்க முடியாது."

"ரெண்டு நாளா இதேதாங்கா பொலம்பிகிட்டு இருக்காரு. எம்மா சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு" என்று செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தில், அவர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் நெத்திலிக் குழம்பை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நாங்கள் இவர்களை எடைபோடப் போகிறோம் என்று நான் வந்தால், இவர்கள் எங்கள் பொய்க்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எங்க அப்பா மேனேஜர் இல்லை. பெரட்டு மணி அடிக்கிறவர்" என்றேன்.

"என்னாது?"

சொன்னேன். தோட்டத்தில் விடிவதற்கு முன்பு ஒரு மணி அடிக்கும். அதைக் கேட்டு ஆட்களெல்லாம் எழுந்து, மைதானத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். மணி என்பதும் மணி அல்ல, கயிற்றில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிப்பதுதான் எங்கள் அப்பாவின் உத்தியோகம். மழையோ பனியோ, எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருடைய தூக்கத்தையும் கெடுப்பார்.

கோதண்டம் நிமிர்ந்தார். "திட்டுவாங்களா?"

"தினமும். லயத்து வரிசை வீடு ஒவ்வொண்ணுலயிருந்தும் ஒரு வசவு வரும். எங்க அம்மாவே திட்டுவாங்க."

"இவளும் திட்டுவா!" என்று செல்வியைக் காட்டிச் சிரித்தார். "போன தடவ ஏத்துனப்ப, 'கட்டையில போற கையி'ன்னா. எங்கிட்டயே சொல்றா, டீச்சரம்மா!" செல்வி சிரிப்பும் அழுகையுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோதண்டம் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அவரை ஒருவர் இவ்வளவு ஆசையாக விசாரித்து நான் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து மொபெட் சத்தம். சிதம்பரத்திலிருந்து அதிலேயே வந்திருக்கிறார் கலியமூர்த்தி. வியர்வையில் திருநீறு வழிந்திருந்தது. வாசலிலேயே ஆரம்பித்தார். "டீச்சரம்மா, மாமா இப்பதான் ஆபீஸ்ல மீட்டிங் முடிச்சிகிட்டு..." என்றவர், மாமா பனியனோடு, சாயம் போகாத முழங்கையோடு, நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார்.

"உக்காரு மச்சான். மொதல்ல சாப்புடு. அப்பறம் என்னிய ரிட்டையர் பண்ணு" என்றார் கோதண்டம்.

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் இவர்கள் சங்கதியைச் சொன்னேன். "ஏமாத்திட்டாங்களா?" என்று எகிறினார். அடுத்து, நம் அப்பா மணி அடித்தவர் என்று இவர்களிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

"அப்பாவை மேனேஜர்னு சொல்லச் சொன்னது யாரு?"

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னது லா."

"அவங்களும் மரியாதைக்குத்தான் சொன்னாங்க."

"ஊரெல்லாம் அதிகாரின்னு சொல்லிட்டேனே! இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய போறது?" என்றார். அதுதான் அவருடைய உண்மையான வலி. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தர்ஷினியிடமிருந்து செய்தி வந்தது. அப்பா யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார், நான் என்ன செய்யட்டும் அத்தை என்று. எனக்கும் தெரியவில்லை என்றுதான் பதில் போட்டேன்.

மறுநாள் வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. ஊர் திரும்புவதற்கு முன் சொல்லிக்கொண்டு போகலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். உத்தரவு வந்துவிட்டிருந்தது. கம்பத்தடியில் ஒரு கூட்டம் நின்றது. மீனவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் முழுக்கைச் சட்டையும் காக்கியுமாக வந்து, யாரையும் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார். நேற்றுப் பார்த்த வாயாடி இவர்தானா என்றிருந்தது. கூண்டு மெல்ல ஏறியது. "ஏத்திட்டான்யா, வயித்துல அடிச்சிட்டான்" என்று ஒரு குரல். அப்படிச் சொன்னவரே மறுநிமிடம் திரும்பி, "வாங்கடா, போட்ட மேல இழுப்போம்" என்று நடந்தார். ஒருவர்கூடப் படகைக் கடலில் இறக்கவில்லை.

ஒரு டிவிக்காரர் மைக்கோடு வந்து நின்றார். கேமராக்காரர் கோதண்டத்தைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கூண்ட மறைக்கிறீங்க" என்றார். கோதண்டம் கயிற்றை விடாமல் தள்ளி நின்றார். பழகிப்போன விலகல். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. அந்த ஆளிடம் சண்டைக்குப் போக இருந்தேன், பக்கத்தில் நின்ற செல்வி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், அண்ணன் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல். அவருடைய வழக்கமான சாப்பாட்டுக் கடை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டோ வெளியே வந்துவிட்டார்.

"தமிழ் நியூஸ்ல கடலூரைக் காட்டுறாங்க. கூண்டு மேல இருக்கு. கீழ ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுது, கயித்தப் புடிச்சிக்கிட்டு. அது அவரா?"

"அவர்தான்."

அப்புறம் அவர் குரல் கேட்டது, ஆனால் என்னிடம் பேசவில்லை. கடையில் இருந்தவர்களிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கை இருக்கு பாரு, அதான் நம்ம சம்பந்தி. அதிகாரி கிதிகாரியெல்லாம் இல்ல, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவரு கூண்டு ஏத்திட்டா ஒரு படகு கடலுக்குப் போவாது. எங்க அப்பா பெரட்டு மணி அடிச்சாத்தான் ஒரு ஆளு வேலைக்குக் கெளம்புவான். ஆமாய்யா, எங்க அப்பா மணி அடிக்கிறவரு. உனக்குத் தெரியாதா?"

நான் தொலைபேசியைச் செல்வியின் காதில் வைத்தேன். அவர் கேட்டுப் புரிந்துகொண்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சாலையில் கோதண்டம் வந்துகொண்டிருந்தார். வழக்கப்படி கடையைப் பார்க்காமல், எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தார். நான் எழுந்து நின்று மாஸ்டரிடம் சொன்னேன். "எங்க சம்பந்திக்கு ஒரு டீ போடுங்க."

"கூண்டு ஏத்துன அன்னிக்கா?" மாஸ்டர் என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்தார். பெஞ்சில் இருந்த மீனவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கிளாசை எடுத்துக் கழுவினார்.

"ஓய் கூண்டு!" என்று சாலையைப் பார்த்துக் கத்தினார். "சர்க்கரை ஜாஸ்தியா, கம்மியா?"